மூன்று கால் தவளையின் பெயர்

கொம்புத் தவளைக்குக் கொம்பு கிடையாது. கண்ணுக்கு மேலே இமைத்தோல் நீண்டு முக்கோணமாக நிற்கும், அவ்வளவுதான். விரலால் தொட்டால் மடங்கிவிடும். காட்டில் சருகுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்வரை அது சருகின் நுனி. யாராவது படம் பிடித்துப் புத்தகத்தில் போட்ட பிறகுதான் கொம்பு.

இதைச் சேதுபதிக்குச் சொன்னவள் அவர் மனைவி சிவகாமசுந்தரி. சேதுபதி வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூரை ஒழுகுகிறது என்று வருகிறவர்களையும் பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போடுகிறான் என்று வருகிறவர்களையும் தவிர வேறு உயிரினம் எதையும் அவர் ஆராய்ந்ததில்லை. சிவகாமசுந்தரி உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. செம்பவாங்கில், கப்பல் பட்டறைக் குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் மற்றப் பெண்கள் சினிமாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். இவள் ஓடைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தேக்காவில் இறங்கி, அப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பழைய சந்தையில் தோசை கட்டிக்கொண்டு, குவீன் ஸ்திரீட்டில் 170ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் நாட்டெல்லைக் கடற்பாலம் தாண்டி ஜோகூர். அங்கிருந்து இன்னொரு பேருந்தில் கோத்தா திங்கி அருவி. அருவிக்கரையில் குடும்பங்கள் பாய் விரித்து, டேப் ரிக்கார்டரில் பாட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சிவகாமசுந்தரி அங்கே நிற்க மாட்டாள். மேலே, ஓடை ஒடுங்கும் இடத்துக்கு ஏறிவிடுவாள். பின்னால் சேதுபதி, அட்டைக்குப் பயந்து காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் டிபன் கேரியருமாகப் போவார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு சத்தம் கேட்கும். யாரோ தகரத்தைச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தட்டியதற்கு வருத்தப்பட்டு நிறுத்திக்கொண்டதுபோல.

"அதோ, அவரு வந்துட்டாரு," என்பாள். தவளைகளுக்கு அவளிடம் எப்போதும் மரியாதை உண்டு. கணவருக்குச் சில சமயம்.

1981இல் ஒரு ஞாயிறு, மழை விட்டதும், அவள் ஒன்றைப் பிடித்துவிட்டாள். பிடித்தாள் என்பது பெரிய வார்த்தை. அதற்கு ஒரு பின்னங்கால் இல்லை. பாம்போ ஆமையோ கொண்டுபோயிருக்க வேண்டும். தாவப் பார்த்து, இருந்த இடத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சி சரியில்லைங்க. மூக்கு இவ்வளவு மொட்டையா இருக்காது," என்றாள்.

சேதுபதிக்கு எல்லாத் தவளைகளின் மூஞ்சியும் சரியில்லாததாகத்தான் பட்டது. டிபன் கேரியரின் அடித்தட்டில் ஈரச்சருகு பரப்பி அதை உட்காரவைத்தாள். கடற்பாலத்தில் சுங்க அதிகாரி மேல்தட்டைத் திறக்கச் சொன்னார். மிச்சமிருந்த புளிச்சாதத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் அவள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டு, தவளையை அருங்காட்சியகத்தில் கொடுத்தாள். அவர்கள் சாராயம் ஊற்றிய ஜாடியில் போட்டு, 'கொம்புத் தவளை, ஒன்று' என்று குறித்து, அலமாரியில் வைத்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வருடங்கள் அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சாதாரணக் கொம்புத் தவளைக்குப் பெயர் வைத்தது 1858இல், ஹாலந்தில். வைத்தவர் இந்தப் பக்கமே வராத ஓர் அறிஞர். 'நசுட்டா', அதாவது மூக்குக்காரி என்று வைத்தார். பின்னால் வந்தவர்கள் குடும்பப் பெயரை, அதாவது முன்னால் வரும் பேரினப் பெயரை, மாற்றினார்கள். இன்னும் பின்னால் வந்தவர்கள் இது தனி இனமே இல்லை, ஜாவாத் தவளையின் கிளை என்றார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள், இல்லை, தனி இனம்தான் என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2021இல் மறுபடியும் குடும்பப் பெயர் மாறி 'பெலோபட்ராக்கஸ்' ஆனது. புதுக் குடும்பப் பெயர் லத்தீனில் ஆண்பாலாம். அதனால் மூக்குக்காரி ஒரே நாளில் மூக்கன் ஆகிவிட்டாள். அந்தச் செய்தியைப் படித்தபோது சிவகாமசுந்தரி சிரித்த சிரிப்பு சேதுபதிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தேக்கா சந்தைக்கு மாண்டரின்ல சூஜியாவ் சென்டர்னு பலகை வச்சாங்க, ஞாபகம் இருக்கா? நாம என்ன, 'சூஜியாவ் போய்க் கறி வாங்கிட்டு வரேன்'னா சொன்னோம்? அவங்க பலகைய மாத்துவாங்க. தவளை அது பாட்டுக்குக் கத்தும்."

அடுத்த வருடம் அவள் போய்விட்டாள்.

போன பிறகுதான் சேதுபதி ஒன்றைக் கவனித்தார். அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. பள்ளியில் அவள் மிஸஸ் சேது. பெர்த்தில் இருக்கும் மகனுக்கு அம்மா. புளோக்கில் ஆன்ட்டி. இப்போது துக்கம் விசாரிக்கிறவர்களுக்கு 'உங்க வீட்ல அவங்க'. சிவகாமசுந்தரி என்று முழுசாகக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான், அதுவும் சண்டை வந்தால்தான். சண்டைக்கு ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பெயரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்தார். நன்றாக இல்லை. வேறு யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அப்படியிருந்த சமயத்தில்தான் மதலேனா தொலைபேசியில் அழைத்தாள். கிளமெண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் தவளைகளை வகைப்படுத்தும் ஆய்வாளர். முப்பத்தைந்து வயதுக்குள் முப்பது தவளைகளைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தவள்.

"அங்கிள், ஆன்ட்டி மியூசியத்துல குடுத்த தவளை ஜாடிய இப்பத்தான் பார்த்தேன். இது வேற ஸ்பீஷீஸ் லா. யாரும் பேரே வைக்கல. நான் ஆன்ட்டி பேரு வைக்கலாம்னு இருக்கேன், ஓகேவா?"

சேதுபதி சரி என்று சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்துவிட்டார். பிறகு அவரே அழைத்து, மரியாதையாக இன்னொரு தடவை சரி என்றார்.

நேரில் போனபோது மதலேனா அவருக்கு இரண்டு ஜாடிகளைக் காட்டினாள். ஒன்றில் சிவகாமசுந்தரியின் தவளை. சாயம் போன துணிபோல வெளுத்து, மூன்று காலில், முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு. இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரணக் கொம்புத் தவளை. நல்ல பழுப்பு நிறம், நாலு காலும் பத்திரம், கொம்பு இரண்டும் விறைப்பு, தலைமை தாங்க வந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"பேரு தவளைக்குன்னு நினைக்காதீங்க அங்கிள். பேரு ஜாடிக்கு," என்றாள் மதலேனா. "எந்த ஜாடி நம்பர எழுதி அச்சடிக்கிறோமோ, காலத்துக்கும் பேரு அந்த ஜாடியிலதான் ஒட்டும். நாளைக்கு எவன் வந்து எப்படிப் பிரிச்சாலும், அந்த ஜாடித் தவளை எங்க போகுதோ, பேரும் அங்கதான் போகும். அதே மாதிரி யாரு முதல்ல அச்சடிக்கிறாங்களோ அவங்க பேருதான் நிக்கும்."

உயிரோடு இன்னும் சில தவளைகளைப் பார்த்துவிட்டால் கட்டுரை உறுதிப்படும். அதற்கு ஜோகூர் மலைக்குப் போகவேண்டும். அதற்குப் பண ஆதரவு வேண்டும். சேதுபதி தமக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதரிடம் போனார்.

கனகசபாபதி சிராங்கூன் சாலையில் சேலைக்கடை வைத்திருப்பவர். தேக்கா வட்டாரத் தமிழர் நற்பேரவையின் புரவலர். அவருக்குக் 'கொடைச் செம்மல்' என்ற பட்டம் உண்டு, கொடுத்தது நற்பேரவை. பட்டமளிப்பு விழாவுக்கு ஆதரவு அவர்தான். நல்ல மனிதர். கேட்டால் கொடுப்பார். கொடுத்ததை யாராவது கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

"தவளைக்கா?" என்றார். "செய்யலாம் சேது. நாம பார்த்து வளராத தவளையா. ஆமா, இதுக்குப் பேருன்னு ஏதோ வைப்பாங்களாமே?"

"வைப்பாங்க ஐயா."

"எனக்குப் பேர் மேலெல்லாம் ஆசை கிடையாது." சற்று யோசித்தார். "மத்தவங்க ஆசைப்பட்டா நான் குறுக்க நிக்கிறதும் கிடையாது."

சேதுபதி இதைக் காதில் வாங்காததுபோல எழுந்துவிட்டார். மதலேனா மலைக்குப் போனாள். மொட்டை மூக்குத் தவளைகளைக் கண்டுபிடித்து, சிலவற்றைக் கொண்டும் வந்தாள். கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

இதற்கிடையில் நற்பேரவைக்கு வெள்ளிவிழா வந்தது. வெள்ளிவிழா என்றால் மலர் உண்டு. வழவழ தாள், முதல் இருபது பக்கம் வாழ்த்துரை, கடைசி முப்பது பக்கம் விளம்பரம். நடுவில் கொஞ்சம் விஷயம் இருந்தால் தைத்த புத்தகம் பார்க்க நன்றாக இருக்கும். அந்த நடுப்பகுதிக்காகச் செயலாளர் பிரேம் சேதுபதியைத் தேடி வந்தான். காப்புறுதி முகவராக வேலை. பேரவைக்கு வரவேற்புரை, நன்றியுரை, ஒலிபெருக்கி எல்லாம் அவன்தான்.

"அண்ணே, தவளையப் பத்தி ஒரு பத்துப் பக்கம் குடுங்க. நம்ம பேரவை ஆராய்ச்சிக்கெல்லாம் துணை நிக்குதுன்னு தெரியட்டும். அதிகாரிங்கல்லாம் வராங்க."

சேதுபதி மதலேனாவைக் கேட்டார்.

"மலர்தானே? குடுங்க அங்கிள், பரவாயில்ல. மலரை யாரு படிக்கப் போறா? அதுவும் தமிழ்ல. பேர மட்டும் போடாதீங்க. என் பேப்பர்ல வரட்டும்."

சேதுபதி பயபக்தியோடு எழுதினார். மதலேனாவின் கட்டுரையை மேசைமேல் வைத்துக்கொண்டு மூக்கின் நீளம், தொடையின் நீளம், முதுகின் மடிப்பு என்று ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னார். 'இது அறிவியலுக்குப் புதிய இனம்' என்று எழுதினார். ஜாடியின் எண்ணை எழுதினார். பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும், சொன்ன சொல் தவறாமல், ஒரு புள்ளிக்கோடு போட்டார். போடும்போது பேனா அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. சேதுபதிக்கும் ஒன்று போர்த்தினார்கள். பிறகு பிரேம் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"அவையோரே, அறிவியல் உலகம் அதிரப்போகும் ஓர் அறிவிப்பு. புதிதாகக் கண்டறியப்பட்ட கொம்புத் தவளை இனத்துக்கு, நம் கொடைச் செம்மல் அவர்களின் திருப்பெயர் சூட்டப்பட்டுள்ளது என்பதைப் பெருமையோடு... பெலோ... பெலோபட்... பெலோபட்ராக்கஸ் கனகசபாபதியி."

கைதட்டல் எழுந்தது. திரையில் பழுப்பு நிறத் தவளை ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தோன்றியது. கனகசபாபதி எழுந்து நாலு திசையும் கும்பிட்டார். ஆசை இல்லாதவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைச் சேதுபதி அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் மலரைத் திறந்தார். தம் கட்டுரைதான். தம் பெயர்தான் மேலே. புள்ளிக்கோடு இருந்த இடத்தில், தமிழிலும் ரோமன் எழுத்திலும், தடித்த அச்சில் கனகசபாபதி. பொன்னாடை தோளிலிருந்து வழுக்கியது. பக்கத்திலிருந்தவர் எடுத்துப் போர்த்திவிட்டார்.

மறுநாள் காலை தேக்கா சென்டர் உணவுக் கடைகளில் மதலேனா, பிரேம், சேதுபதி மூவரும் உட்கார்ந்தார்கள். மதலேனா மலரை இரண்டு தடவை படித்தாள். தே தாரிக் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

"எத்தனை காப்பி அடிச்சீங்க?" என்றாள் பிரேமிடம்.

"நிறையம்மா. தேசிய நூலகத்துக்கும் அனுப்பிட்டோம். ஐஎஸ்பிஎன் எல்லாம் இருக்கு. பேரவை எதையும் முறையாத்தான் செய்யும்."

"அதான் பிரச்சினை." அவள் சேதுபதியின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "அங்கிள், சாரி. பேரு வைக்கிறதுக்கான ரூல் புக்ல எந்த மொழியில எழுதினாலும் செல்லும்னு இருக்கு. புது இனம்னு இருக்கு, வர்ணனை இருக்கு, ஜாடி நம்பர் இருக்கு, ரோமன் எழுத்துல பேரு இருக்கு. என் பேப்பர் இன்னும் வரல. இவங்க முந்திட்டாங்க. தமிழ் மலர யாரு படிப்பான்னு சொன்னதும் நான்தான்."

"மாத்த முடியாதா?"

"ஒருக்கா வச்சா வச்சதுதான்."

சேதுபதி மலரைத் தம் பக்கம் இழுத்து மூடினார். பக்கத்து ஈரச்சந்தையில் மீன் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாருடைய வாயிலாவது வரவேண்டும் என்று அவர் நினைத்த பெயர் இனி வராது. அதற்குப் பதில் உலகமெங்கும் தவளை பார்க்கிறவர்கள் ஒரு சேலைக்கடைக்காரர் பெயரைச் சொல்லப்போகிறார்கள்.

"ஏன் பிரேம் அப்படிப் பண்ணுனே?" என்றார் கடைசியில். கோபம்கூட வரவில்லை.

"அண்ணே, நீங்க புள்ளிக்கோடு போட்டிருந்தீங்க. மலர்ல புள்ளிக்கோடு இருந்தா அது புரவலர் பேருக்குத்தானே? இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தானே?" பிரேமுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நான் ரொம்பப் பார்த்துத்தான் செஞ்சேன். படம்கூட நானே லேப்புக்குப் போய் எடுத்தேன். மொதல்ல காட்டுனாங்களே ஒண்ணு, வெளுத்துப்போய், கால் இல்லாம, அதப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெள்ளிவிழா, மங்கலமான நிகழ்ச்சி. அங்கஹீனமான தவளைய ஐயா பேர்ல போட்டா நல்லா இருக்குமா? பக்கத்துல இருந்த ஜாடிதான் அம்சமா இருந்துச்சு. அதப் படம் எடுத்தேன்."

மதலேனா நிமிர்ந்தாள்.

"படம் மட்டுமா?"

"படத்துல ஒரு நம்பர், கட்டுரையில வேற நம்பர் இருந்தா அதிகாரிங்க கேப்பாங்களே. அதனால கட்டுரையிலயும் அந்த நம்பரையே போட்டுட்டேன்."

மதலேனா மலரைப் பிடுங்கிப் பக்கத்தைப் புரட்டினாள். விரலை எண்ணின் மேல் வைத்து, இன்னொரு கையால் போனில் எதையோ தேடினாள். பிறகு போனைக் குப்புற வைத்துவிட்டு, மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பிரேம் டிஷ்யூ பேப்பரை எடுத்து நீட்டினான்.

"அழல லா," என்றாள் தலையைத் தூக்கி. "அங்கிள், பேரு ஜாடிக்குத்தான்னு சொன்னேன்ல? இவரு ஒட்டுன ஜாடி சாதாரணக் கொம்புத் தவளை. அதுக்கு 1858லயே பேரு வச்சாச்சு. ஐயா பேரு அந்தப் பழைய பேருக்குக் கீழ போய் உட்கார்ந்துக்கும். ஆன்ட்டி தவளைக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல."

"யாரும் வைக்கல," என்றார் சேதுபதி, பாடம் ஒப்பிப்பதுபோல.

"கால் இருந்திருந்தா வச்சிருப்பாங்க."

பிரேம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப ஐயாவுக்கு என்ன சொல்றது?"

ஐயாவிடம் மதலேனாவே போய்ச் சொன்னாள். ஒரே இனத்துக்கு வைத்த இரண்டாவது பெயரை விஞ்ஞானிகள் பயன்படுத்த மாட்டார்கள், ஆனால் பட்டியலிலிருந்து எடுக்கவும் மாட்டார்கள், மூத்த பெயருக்குக் கீழே இணைப்பெயர் என்று என்றைக்கும் இருக்கும் என்றாள். கனகசபாபதி கவனமாகக் கேட்டார்.

"மேல இருக்கிற அந்த ஆளு யாரு?"

"ஹாலந்துக்காரர். பெரிய அறிஞர்."

"அவருக்கு அடுத்தது நானா?"

"ஒரு விதத்துல, ஆமா ஐயா."

"எடுக்கவே மாட்டாங்க?"

"எப்பவுமே மாட்டாங்க."

இப்போது சேலைக்கடையில், பட்டுப் பிரிவுக்குப் போகும் படிக்கட்டருகே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பட்டியல் தொங்குகிறது. முதல் வரியில் 1858ஆம் வருடத்து அறிஞர். கடைசி வரியில் கனகசபாபதி. வாடிக்கையாளர்கள் சேலை பிரித்துக் காட்டும்வரை அதைப் படிக்கிறார்கள். நற்பேரவை அவருக்குப் புதிதாக ஒரு பட்டம் யோசித்துக்கொண்டிருக்கிறது.

மதலேனாவின் கட்டுரை மழைக்காலத்தில் வெளிவந்தது. சேதுபதி அதைக் கணினியில் திறந்து, பெயரைத் தேடிப் பார்த்தார். இருந்தது. சாய்ந்த எழுத்தில், பாதியாகக் குறுக்கி, லத்தீன் வால் ஒன்று சேர்த்து, 'சிவகாமியே' என்று. திரையில் பார்க்கும்போது அது நோட்டீஸ் பலகையில் ஒட்டிய பெயர்போல அந்நியமாகத்தான் இருந்தது. படித்துவிட்டு மூடினார். இவ்வளவுதானா என்றுகூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, நன்றி சொல்வதற்காக, தேக்காவில் வடை வாங்கிக்கொண்டு கிளமெண்டிக்குப் போனார். பிற்பகல் நேரம். மதலேனா கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே மலையிலிருந்து கொண்டுவந்த தவளைகளின் தொட்டிக்கு முன்னால் மதலேனாவின் மாணவர்கள் இருவர். ஒருவன் ரமீஸ், அவனை முன்பே பார்த்திருக்கிறார். இன்னொருத்தி ஒரு சீனப் பெண். அவர்கள் பேசியது ஆங்கிலம்.

"சிவகாமியே சாப்பிட்டாச்சா?" என்றாள் அந்தப் பெண். 'கா'வை இழுத்து, 'மி'யை விழுங்கி, என்னவோபோல உச்சரித்தாள்.

"இல்ல. நேத்தும் சாப்பிடல."

"வெட்டுக்கிளி குடுத்தியா?"

"குடுத்தேன். பார்த்துட்டுத் திரும்பி உட்கார்ந்துக்கிச்சு. சிவகாமியே அப்படித்தான். நாம நின்னா சாப்பிடாது. நாம போகணும்."

"எந்த சிவகாமியே? பெருசா, சின்னதா?"

"பெரிய சிவகாமியே. சின்னது நல்லாத்தான் இருக்கு."

"தண்ணி மாத்தினியா? சிவகாமியேவுக்குச் சில்லுனு இருக்கணும்."

"மாத்திட்டேன் லா. காலையிலேர்ந்து எனக்கு சிவகாமியே வேலைதான். கனவுலயும் சிவகாமியேதான் வரப்போகுது."

இருவரும் சிரித்தார்கள். சேதுபதி சுவரோடு ஒட்டி நின்றார். வடைப் பொட்டலத்தின் எண்ணெய் காகிதம் தாண்டி விரலில் ஊறியது.

பின்னாலிருந்து மதலேனா வேகமாக வந்தாள்.

"என்ன அங்கிள், வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"கொஞ்சம் இரும்மா," என்றார் சேதுபதி மெதுவாக. "அவங்க பேசி முடிக்கட்டும்."